யாரும் கேள்வி கேட்காத இரும்பு

இளம்பிள்ளை
22-4-1988

தாட்சாயிணியின் அப்பாவுக்கு வனஜா எழுதிக்கொள்வது.

நானும் குழந்தையும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். சேலம் ஜங்ஷனுக்கு அண்ணனே வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், "மாப்பிள்ளை எடுத்தாராமா, இல்லையாமா?" என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் வைத்துக் கேட்டால் சண்டையாகிறது, அதனால் எழுதிக் கேட்கிறேன். பொங்கலுக்கு அடுத்த வாரம் ஃபாக்டரி கேட்டில் உங்கள் சாப்பாட்டுப் பையைச் சோதித்தார்கள். அதற்குள்ளிருந்து அரிவாள்மனைக்கு வைக்கிற அலகு ஒன்றை எடுத்தார்கள். மறுநாளே உங்களை சஸ்பெண்ட் செய்தார்கள். அன்றையிலிருந்து நான் கேட்பது ஒரே கேள்விதான். அது ஃபாக்டரி இரும்பா? நீங்கள் எடுத்தீர்களா? கேட்டவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு கோவில்பதாகைப் பக்கம் போய்விடுகிறீர்கள். விசாரணை எப்போது, அதில் என்ன சொல்லப்போகிறீர்கள், அதுவும் தெரியாது. குழாயடியில் பஞ்சவர்ணம் அக்கா என்னைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்கிறாள். வாய்விட்டுக் கேட்டாலாவது நானும் ஏதாவது திருப்பிச் சொல்லலாம்.

நான் ஒன்றும் ஜட்ஜ் இல்லை. எடுத்தேன் என்றால், ஒரு மூச்சு அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். எடுக்கவில்லை என்றால், உங்களுக்காக குவார்ட்டர்ஸ் முழுக்க சண்டைக்கு நிற்பேன். ஒன்றுமே சொல்லாவிட்டால் நான் எந்தப் பக்கம் நிற்பது? பதில் வருகிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பருப்புப் பொடி மஞ்சள் மூடி டப்பாவில் இருக்கிறது.

இப்படிக்கு,
வனஜா


ஆவடி
28-4-1988

அன்புள்ள வனஜாவுக்கு,

இங்கே நானும் கதவிடுக்குப் பல்லியும் நலம். அங்கே நீயும் தாட்சாவும் மச்சான் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்கு ஆமாம் என்றும் எழுத வரவில்லை, இல்லை என்றும் எழுத வரவில்லை. எங்கள் செக்‌ஷன் பழக்கம் உனக்குத் தெரியும். ஆயுத பூசைக்கு முன்னால் துண்டுத் தொட்டியில் கிடக்கிற வெட்டு மிச்சத்தை ஆளுக்கொன்று எடுத்து, கத்தியோ அலகோ எதையாவது அடித்து, பதம் போட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். பூசை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஃபோர்மேனே எடுத்துப்போவார். பஞ்சவர்ணம் வீட்டில் முருங்கைக்காய் நறுக்குகிற அலகு எங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? போன வருஷம் பூசை சமயம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே என்று தை மாதம் அடித்தேன். புரட்டாசியில் எடுத்தால் பிரசாதம், தையில் எடுத்தால் திருட்டு. இதை எந்தக் கணக்கில் எழுதுவது, நீயே சொல்.

நிறைய யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உனக்கு ஒரு அலகு கடையில் வாங்கிக் கொடுத்தாலும், "இதுவும் அங்கேருந்தா?" என்று ஒருத்தி கேட்கத்தான் போகிறாள். அதனால் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாத இரும்பாக நானே செய்யப்போகிறேன். பூமியில் கிடக்கிற மண்ணிலிருந்தே. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் செஞ்சரளை கிடக்கிறதே, அதில் இருப்பது இரும்புதான். மண்ணில் ஒரு உலை, கரி, காற்று, இவ்வளவுதான் வேண்டும். இத்தனை வருஷமாக இரும்பைக் காய்ச்சிப் பதம் போடுகிறவனுக்கு இது ஒரு பெரிய வேலையா? ஒரு வாரத்தில் செய்து எழுதுகிறேன். அதுதான் என் பதில் என்று வைத்துக்கொள்.

தாட்சாவுக்கு முத்தம்.

உன்,
கலியமூர்த்தி


இளம்பிள்ளை
4-5-1988

தாட்சாயிணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரம் படிக்கும்போது எனக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. வெயிலில் அலைகிறீர்களா? தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா?

நான் அரிவாள்மனை கேட்கவில்லை. போன வருஷம் கேட்டது வாஸ்தவம். இப்போது கேட்பது ஒரு வார்த்தை. அதைச் சொல்ல மண்ணைத் தோண்டுவானேன்? அண்ணன் கேட்டார், "என்னம்மா எழுதியிருக்காரு?" என்று. மண்ணிலிருந்து இரும்பு எடுக்கிறாராம் என்றேன். அவர் தறியில் அறுந்திருந்த இழை ஒன்றை முடிந்தார். அப்புறம், "சரி, நீ காப்பி குடி" என்று போய்விட்டார். அண்ணி மட்டும் உள்ளே போய்ச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது இன்னும் கோபமாக இருந்தது.

தாட்சாவுக்கு உங்களால் ராத்தூக்கம் போச்சு. மண்ணுக்குள் இரும்பு இருந்தால் ஏன் நம் காலில் குத்தவில்லை என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? உங்கள் பெண், நீங்களே எழுதுங்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கேயே ஆறாவது சேர்த்துவிடலாம் என்கிறார் அண்ணன். ஒன்று எனக்குப் பதில் அனுப்புங்கள். இல்லை, குழந்தையின் டி.சி.யை வாங்கி அனுப்புங்கள். இரண்டில் எது வந்தாலும் அதன்படி நடந்துகொள்கிறேன்.

வனஜா


ஆவடி
12-5-1988

அன்புள்ள வனஜா,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் தாமதத்துக்குக் காரணம் கையில் கொப்புளம். பயப்படாதே, ஆறிவிட்டது.

நான் நினைத்த மாதிரி இல்லை இது. கொல்லையில் தோட்டத்து மண்ணைக் குழைத்து இடுப்பளவு உயரத்துக்கு உலை கட்டினேன். நன்றாகக் காயவிடாமல் நெருப்புப் போட்டேன். பாதியிலேயே வெடித்து ஒரு பக்கம் சரிந்தது. உள்ளேயிருந்த கரியெல்லாம் கீரைப் பாத்தியில் கொட்டியது. புகை அடுத்த வீட்டுக்குப் போய், பஞ்சவர்ணம் மாடியில் காயவைத்த வடகம் அத்தனையும் கறுத்துப்போனது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நேரே எஸ்டேட் ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறாள். குவார்ட்டர்ஸில் இனிமேல் நெருப்புப் போடக்கூடாது என்று ஆள் விட்டார்கள்.

அதனால் கோவில்பதாகையில் துலுக்கானம் வீட்டுக்குப் பின்னால் இடம் மாற்றிக்கொண்டேன். உனக்கு அவரைத் தெரியும். நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்து உன்னிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு உப்பு போதவில்லை என்று சொன்னாரே, அவர்தான். முன்பு அந்தப் பக்கம் வயல் வேலை செய்தவர், இப்போது அம்பத்தூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் மண் அச்சு கட்டுகிறார். நான் சரளையைக் கூடையில் சுமந்துகொண்டு போனதைப் பார்த்ததும், "இன்னா அண்ணாத்தே, ஊடு கட்றியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். வாயில் இருந்த பீடியை எடுத்துவிட்டு, "துட்டு இல்லன்னா என்னாண்ட கேளேன், பூந்தமல்லி போயி ஒரு கத்தி வாங்கிக்கினு வரலாம். இதுக்கு இன்னாத்துக்கு மண்ணை வேக வைக்கிறே?" என்றார். ஆனால் மறுநாள் அவரேதான் ஏரிக் களிமண்ணில் உமி கலந்து மிதித்துக் கொடுத்தார். உமி கலந்தால் வெடிக்காதாம். அவர் கட்டிய உலை வெடிக்கவும் இல்லை.

ஆனால் இரும்பும் வரவில்லை. காலையிலிருந்து துருத்தி ஊதினோம். ஈயம் பூசுகிற ஆளிடம் இரவல் வாங்கிய துருத்தி. ஒருத்தர் கை ஓய்ந்ததும் அடுத்தவர். மேலே சரளை ஒரு கூடை, கரி ஒரு கூடை என்று போட்டுக்கொண்டே இருந்தோம். சாயந்திரம் அடியை உடைத்தால் கறுப்புக் கண்ணாடி மாதிரி கசடு வழிகிறது. வேறு ஒன்றும் இல்லை. காற்று போதவில்லையா, கரி போதவில்லையா, சரளையே சரியில்லையா? யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. செக்‌ஷனில் எனக்குக் கைக்கு வந்து சேர்வது ரெடியான எஃகு. எந்த நிறத்தில் எடுத்து எண்ணெயில் போடணும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று ஒரு நாளும் யோசித்தது கிடையாது.

ஒரு உதவி. உங்கள் ஊர் கஞ்சமலையில் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடக்கும். காந்தத்தில் ஒட்டும். அதில் ஒரு மூட்டை அனுப்ப முடியுமா? தாட்சாவிடம் சொல், மண்ணுக்குள் இருப்பது இரும்பின் துரு மாதிரி, அதனால்தான் குத்துவதில்லை. இது சரியா என்று எனக்கே தெரியாது.

டி.சி. வாங்கப் போனேன். பள்ளிக்கூடம் லீவு, ஆபீஸ் பூட்டியிருக்கிறது.

உன்,
கலியமூர்த்தி


இளம்பிள்ளை
19-5-1988

தாட்சாயிணி அப்பாவுக்கு,

ஆபீஸ் பூட்டியிருந்ததில் உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று கையெழுத்திலேயே தெரிகிறது.

கல் வருகிறது. ஏன் அனுப்புகிறேன் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே புரியவில்லை. அமாவாசைக்கு சித்தர் கோயிலுக்குப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு தாட்சாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சாமி கும்பிட்டது உண்மை. அதற்கப்புறம் இரண்டு பேரும் மலைச் சரிவில் ஏறி, நீங்கள் சொன்ன கல்லைத் தேடினோம். பழைய ரேடியோவில் இருந்த காந்தத்தை தாட்சா எடுத்து வந்திருந்தாள். ஒட்டினால் பைக்குள், ஒட்டாவிட்டால் கீழே. ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு கிட்டே வந்தார். "அம்மிணி, இது கவருமெண்டு மலைங்க. கல்லு எடுக்கக்கூடாதுங்க. போர்டு போட்டிருக்குதுங்களே, பாக்கலீங்களா?" என்றார். வீட்டில் மீன் தொட்டிக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மீன் தொட்டி! நம் பரம்பரையில் யார் வீட்டில் மீன் தொட்டி இருந்தது? அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

யாரும் கேள்வி கேட்காத இரும்பு என்று எழுதினீர்கள். உங்கள் இரும்பு மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே முதல் கேள்வி வந்துவிட்டது, அதற்கு நானும் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. நான் எடுத்தது திருட்டா? அங்கே லட்சம் கல் கிடக்கிறது. ஆனால் அந்த மனுஷன் கிட்டே வந்தபோது நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதை தாட்சா பார்த்தாள்.

அண்ணனின் நூல் லாரி அம்பத்தூர் வருகிறது. டிரைவரிடம் மூட்டையைக் கொடுத்திருக்கிறேன், துலுக்கானம் அண்ணன் கம்பெனி பெயரைச் சொல்லி. அவருக்கு மோரில் அன்றைக்கு நான் வேண்டுமென்றேதான் உப்பைக் குறைத்தேன் என்று சொல்லுங்கள், ரத்தக்கொதிப்புக்காரர்.

கல் கேட்டீர்கள், அனுப்பிவிட்டேன். பதில் கேட்டேன், இன்னும் வரவில்லை.

வனஜா


ஆவடி
29-5-1988

அன்புள்ள வனஜா,

இரும்பு வந்துவிட்டது! சம்மட்டி பிடித்த கையால் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ அனுப்பிய கல்லை அப்படியே போட முடியாது. விறகில் வறுத்து, இடித்து, தண்ணீரில் அரிசி களைவது மாதிரி களைந்து, வெள்ளைக் கல்லை ஒதுக்கணும். ராஜம்மாதான் சட்டியில் களைந்து கொடுத்தது. துலுக்கானத்தின் வீட்டுக்காரி. முதல் உலையில் கரியை அதிகமாகப் போட்டு வேகமாக ஊதிவிட்டோம். பளபளவென்று ஒரு கட்டி வந்தது. சந்தோஷத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தேன், கண்ணாடி மாதிரி சிதறிவிட்டது. கரி அதிகமாக ஏறிப்போய் வார்ப்பிரும்பாகிவிட்டது என்று துலுக்கானம் சொன்னார். அவர் கம்பெனியில் அதைத்தான் ஊற்றுவார்கள். அவர் வேண்டும் என்று ஊற்றுவது எனக்கு வேண்டாம் என்றபோது வருகிறது.

அடுத்ததற்குக் காற்றைக் குறைத்தோம். கத்திரி வெயில், உலைச் சூடு, இரண்டு பேருக்கும் பனியன் உடம்போடு ஒட்டிவிட்டது. அடியை உடைத்தால் ஓட்டை ஓட்டையாக, பணியாரம் மாதிரி ஒரு கட்டி. அதை ஆறுவதற்குள் அடிக்கணும், ஆறினால் உதிர்ந்துபோகும். மெதுவாக அடிக்கணும், ஓங்கினால் பிளந்துபோகும். எதை வைத்து அடிப்பது? வேலை முடிகிற வரைக்கும் கடை இரும்பு எதையும் தொடமாட்டேன் என்று எனக்குள் சபதம் செய்திருந்தேன், அதனால் கருங்கல் வைத்திருந்தேன். இரண்டாவது அடியில் கல் பிளந்து முழங்காலில் தெறித்தது. பச்சைக் கிளையில் செய்து வைத்த இடுக்கி எரிந்தே போய்விட்டது. துலுக்கானம் கத்தினார்: "இரும்பு அடிக்க இரும்பு வாணாமா அண்ணாத்தே? மொத மொத எவன் எத்த வச்சி அடிச்சானோ, அவனைக் கேட்டுக்கினு வா. அதுவரிக்கும் இந்தா, என் சம்மட்டியப் பிடி!" பிடித்தேன். அடிக்க அடிக்க கசடு பொறியாகத் தெறித்தது. கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு மூட்டைக் கல்லுக்குக் கடைசியில் மிஞ்சியது உன் உள்ளங்கையில் அடங்கும். ஆனால் இரும்பு, வனஜா. மணி மாதிரி சத்தம் வருகிறது.

விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது, ஜூன் எட்டாம் தேதி. நான் எடுத்தது உண்மை, மன்னிக்கணும் என்று எழுதிக் கொடுத்தால், ஒரு இன்கிரிமெண்டை நிறுத்திவிட்டு வேலையில் சேர்த்துக்கொள்வார்களாம். யூனியனில் சொன்னார்கள். எழுத மாட்டேன். இந்த இரும்பைக் கொண்டுபோய் அந்த ஆபீசர் மேஜையில் வைக்கப்போகிறேன். கல்லிலிருந்தே இரும்பு எடுக்கத் தெரிந்தவன் உங்கள் தொட்டியில் கைவிடுவானா என்று கேட்கப்போகிறேன்.

நீ என்ன நினைக்கிறாய்?

உன்,
கலியமூர்த்தி


இளம்பிள்ளை
3-6-1988

தாட்சாயிணி அப்பாவுக்கு,

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டீர்கள், கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. எழுதுகிறேன்.

மேஜையில் வைத்தால், அந்த ஆபீசர் அதையும் ஃபாக்டரி இரும்பு என்று எழுதி, சீல் வைத்து, எடுத்துக்கொள்வார். இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? நானும் மீன் தொட்டியும்தான்.

கல்லிலிருந்து எடுக்கத் தெரிந்தவன் தொட்டியில் கைவிடுவானா என்று கேட்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். விட்டீர்கள்தானே? விட்டதற்கு அப்புறம்தானே கல்லிலிருந்து எடுக்கக் கற்றுக்கொண்டீர்கள்? எனக்குத் தலை சுற்றுகிறது. நீங்கள் இரும்பு செய்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அண்ணியிடம் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். அண்ணன்கூட கேட்டுக்கொண்டு நின்றார். ஆனால் படித்து முடித்ததும் அவர் கேட்டது பழைய கேள்விதான். "அதெல்லாம் சரிம்மா, எடுத்தாரா?"

எழுதிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். வேலை போனால் கஞ்சி குடிக்கலாம். ஆபீசருக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்ல வேண்டாமா என்பதுதான் என் வருத்தம். இங்கே நேற்று தறி நாடா எடுக்க வந்த பெண் ஒருத்தி என்னைக் காட்டி இன்னொருத்தியிடம், "இரும்பு திருடினாரே, அவரு சம்சாரம்" என்றாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அடையாளத்துக்காகச் சொன்னாள். அந்த மாதிரி ஆகிவிட்டது.

இங்கே ஹெட்மாஸ்டர் இடம் வைத்திருக்கிறார், பதினைந்தாம் தேதி வரைக்கும். அங்கே ஆபீஸ் திறந்திருப்பார்கள். இனிமேல் சாக்கு எழுதாதீர்கள்.

வனஜா


ஆவடி
10-6-1988

அன்புள்ள வனஜா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அலகு முடிந்தது. அகலம் விரல் அளவுதான். தேய்த்து, தீட்டி, செக்‌ஷனில் செய்வது போலவே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். பதமே ஏறவில்லை. முதல் உலையில் கரி அதிகம், இதில் கரி போதவில்லை. கொத்தமல்லித் தழை நறுக்கியது. பூசணிக்காயில் வைத்து அழுத்தினேன், வளைந்துபோனது. அதைக் கையால் நிமிர்த்தினேன், நிமிர்ந்தது. கையால் நிமிர்த்துகிற அலகை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?

இன்னும் கொஞ்சம் இரும்பு இருந்தால் வேறு விதமாக முயலலாம் என்று தோன்றியது. உலைப் பக்கத்தில் நாங்கள் எறிந்த கசடுக் குவியலில் ஒரு கட்டி கிடந்ததே, பாதி இரும்பு பாதி கசடாக, உதவாது என்று நானே தூக்கிப் போட்டது, அந்த ஞாபகம் வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் போய்க் குவியலைக் கிளறினேன், இல்லை. சுற்றிப் பார்த்தால் துலுக்கானத்தின் ஆட்டுக் கயிறு அதில் கட்டியிருக்கிறது. முளைக்குப் பதிலாக அந்தக் கட்டி. எனக்கு என்ன வந்ததோ, தெரியவில்லை. "யாரைக் கேட்டுடா எடுத்தே, திருட்டுப் பயலே" என்று கத்திவிட்டேன். ராஜம்மா இருந்தது. பக்கத்து வீட்டு ஜனங்கள் இருந்தார்கள்.

அவர் கோபப்படவே இல்லை. கயிற்றை அவிழ்த்து, கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். "நீ வாணாம்னு கடாசினதுதானே அண்ணாத்தே. குப்பைல கெடந்துச்சி, எத்துக்கினேன். கேட்டா நீயே குட்த்திருப்பே. இதுக்குப் பேரு திருட்டா?" என்று கேட்டார். அப்புறம், "ஆமான்னா ஆமான்னு சொல்லிடு, நான் ஒத்துக்கினு போறேன்" என்றார்.

நான் உனக்கு முதல் கடிதத்தில் எழுதியது அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தது. துண்டுத் தொட்டி, வெட்டி எறிந்த மிச்சம், யாருக்கும் வேண்டாதது. எல்லாம். கட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எடுத்தேன் வனஜா. அது ஃபாக்டரி இரும்புதான், நான்தான் எடுத்தேன். இரும்பு ஒன்று வெளியே வர எவ்வளவு கை வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அது குப்பையில் கிடந்தாலும் இன்னொருத்தன் எடுத்ததைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்றும் தெரிகிறது. ஆனால் திருட்டா என்றால் இன்னும் குழப்பமாகவே இருக்கிறது. துலுக்கானம் திருடன் என்றால் நானும் திருடன். அவர் இல்லை என்றால் நான் மட்டும் எப்படி? இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கிறேன், ஒரு இடத்திலும் நிற்க முடியவில்லை. விசாரணையில் எடுத்தேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திருடினேன் என்று எழுதச் சொன்னார்கள், அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்றேன். ஆபீசர் ரொம்ப நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். ஒன்றாம் தேதி முதல் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றாய். நீ கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நீயும் என்னைத் திருடன் என்று நினைக்கிறாயோ என்ற பயம் மட்டும்தான் தெரிந்தது.

டி.சி. வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், எதற்கு மாற்றல் என்று கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. நீ என்ன முடிவெடுத்தாலும் நான் தடை சொல்ல மாட்டேன். வந்தால் நல்லது. வரணும் என்றுதான் ஆசை. தாட்சா இல்லாமல் வீடு ஒரு மாதிரி இருக்கிறது.

கலியமூர்த்தி


இளம்பிள்ளை
14-6-1988

என் அன்பான தாட்சாயிணி அப்பாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. எடுத்தேன் என்று எழுதிய இடத்தைப் படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை. இத்தனை மாதம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன், "எடுத்தாராம் அண்ணா" என்று. அவர், "அப்பாடா, இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம்?

நான் உங்களைத் திருடன் என்று ஒரு நாளும் நினைத்தது கிடையாது. என்னவென்று நினைப்பது என்றே தெரியாமல் இருந்தேன். அது அதைவிடக் கஷ்டம்.

ஆனால் ஒன்று கேட்கணும். உங்கள் கடிதத்தை நேற்றிலிருந்து திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கிறேன். துலுக்கானம் அண்ணன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனசு பட்ட பாட்டை எழுதியிருக்கிறீர்கள். ஆபீசர் பேனாவைத் தட்டியதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். துலுக்கானம் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று ஒரு இடத்திலும் காணோமே? உங்களோடு வேகாத வெயிலில் துருத்தி ஊதின மனுஷன். அவர் பெண்டாட்டி சட்டியில் கல் களைந்து கொடுத்தது. அக்கம்பக்கம் பார்க்க அந்த வார்த்தையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எனக்கு நாலு பக்கம் எழுதினால் ஆயிற்றா? அந்த வார்த்தை எப்படிச் சுடும் என்று நம் வீட்டைவிட யாருக்குத் தெரியும்? ராஜம்மா நாளைக்குக் குழாயடிக்குப் போகணும். அதை நினைத்தால் எனக்கு உங்கள்மேல் வருகிற கோபம், அலகுக்காக வந்ததைவிடப் பெரிய கோபம்.

டி.சி.யைத் திரும்பக் கொண்டுவருகிறேன். ஆவடிப் பள்ளிக்கூடத்திலேயே மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்போம். எதற்கு மாற்றல் என்று அவர்களுக்கும் தெரியாதுதானே, சேர்த்துக்கொள்வார்கள்.

பதினெட்டாம் தேதி கிளம்புகிறோம். அரக்கோணத்தில் இறங்கி லோக்கல் பிடித்து வருவோம். ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம். நானும் தாட்சாவும் குவார்ட்டர்ஸுக்கும் வரமாட்டோம். நேராகக் கோவில்பதாகைக்குப் போய் ராஜம்மா வீட்டில் இறங்கிக்கொள்கிறோம். எங்களைக் கூட்டிப்போக நீங்கள் அங்கே வாருங்கள். வாசலில் நின்று துலுக்கானம் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி. நான் உள்ளேதான் இருப்பேன், ஆனால் கதவைத் திறக்க மாட்டேன். அவர்தான் திறக்கணும்.

இப்படிக்கு,
வனஜா